ஆற்று மணலில் நின்ற மோட்டார்

என் கணவர் யூனுஸ் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் ஓட்டுகிற மோட்டாரிடம் குழைகிற குழைவை என்னிடம் ஒருநாளும் காட்டியதில்லை. வைகையின் நடுமணலில் அது முக்கி முனகி நின்றபோதுகூட, "என்னடா ராசா?" என்று கேட்டுக்கொண்டேதான் இறங்கினார். தொடையெலும்பு முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு பின்சீட்டில் கிடந்த எனக்கு ஒரு ராசாவும் கிடைக்கவில்லை.

மோட்டார் எங்களுடையதல்ல. யூனுஸின் முதலாளி, தென்கரைக் கோச்சடையில் நெல் வியாபாரம் செய்யும் ரெங்கம்மாளுடையது. மாடிப்படியில் சறுக்கி விழுந்த என்னை வடகரையில் இருக்கும் கட்டு வைத்தியர் முத்திருளனிடம் கொண்டுபோக அவர்தான் வண்டியைக் கொடுத்தார். "பத்தை அசைஞ்சா எலும்பு சதையக் கிழிச்சிரும், படுத்தமேனிக்கே போ தாயி" என்று சொல்லி வைத்தியர் அனுப்பிவைத்தார். பாலத்தைச் சுற்றிப் போனால் தூரம், குலுக்கலும் அதிகம். ஆற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. மாட்டு வண்டிகள் போய்ப் போய் இறுகிய தடத்தில் இறங்கினோம். சரிபாதியில் நின்றுவிட்டோம்.

யூனுஸ் முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் கர்ர் கர்ரென்று சுற்றியது. பிடிக்கத்தான் இல்லை. மறுபடியும் சுற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மோட்டாருக்கு ரெண்டே ரெண்டுதான் வேணும். நெருப்பு, எண்ணெய்" என்று வீட்டில் சோறு தின்னும்போதுகூடச் சொல்வார். இப்போது அதையே முணுமுணுத்துக்கொண்டு ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின்மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சுற்றினார். நீலமாகப் பொறி தெறித்தது.

"நெருப்பு இருக்கு" என்றார்.

அப்போதுதான் தென்கரையிலிருந்து சத்தம் வந்தது. மாடு மேய்க்கிற ஒருவன் துண்டை வீசிக் கத்திக்கொண்டிருந்தான். "மேக்க மலையில மழ! ஆத்துல தண்ணி வருது! ஏறுங்க, ஏறுங்க!" கத்திவிட்டு மாடுகளைத் துரத்திக்கொண்டு அவன் கரையேறிப் போய்விட்டான். பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் நாங்களும்தான்.

மேற்கே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு இரைச்சல் கேட்டது. மழை இங்கே ஒரு பொட்டு விழாமலே வைகை ஆளை அடித்துக்கொண்டு போகும் என்பது மதுரையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

யூனுஸ் ஓடிவந்து என்னைத் தூக்கினார். நான் அவரைவிட ஒரு சுற்றுப் பெரியவள். தடத்தை விட்டு விலகியதும் மணலில் அவர் கால் புதைந்தது, பத்தை அசைந்தது, நான் போட்ட அலறலில் அவரே என்னோடு சேர்ந்து சரிந்தார். எப்படியோ இழுத்து மறுபடி சீட்டில் போட்டார்.

"நீங்க போயிருங்க மச்சான்" என்றேன். சொன்னேனே தவிர, எங்கே போய்விடுவாரோ என்று என் கை அவர் சட்டையைப் பிடித்திருந்தது.

"கைய விடு புள்ள, எண்ணெய் இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

கண்ணாடிக்கு முன்னால் இருந்த டாங்கி மூடியைத் திருகிக் குச்சியை விட்டார். பாதிக்குமேல் நனைந்து வந்தது. மூடியை இறுக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினார். வண்டி பிடித்துக்கொண்டது! "யா அல்லா!" என்று நான் அழுதேவிட்டேன். தாவி ஏறி ஓட்டினார். கொஞ்சதூரம் போனது. முக்கியது, முனகியது, நின்றது. சந்தோஷத்தைக் காட்டிப் பிடுங்கிக்கொண்ட அந்த வண்டியை அப்போதே கொளுத்தியிருப்பேன்.

"குழாயில குப்பை" என்று யூனுஸ் எண்ணெய் வரும் குழாயைக் கழற்றினார். சொட்டுச் சொட்டாக வந்து அதுவும் நின்றது. வாயை வைத்து ஊதினார். கொளகொளவென்று டாங்கிக்குள் சத்தம் கேட்டது. எண்ணெய் பீறிட்டு அவர் மார்பை நனைத்தது. மாட்டினார், சுற்றினார், ஓடியது, சற்றைக்கெல்லாம் நின்றது. எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது.

மேற்கே மணலின் நிறம் மாறிவந்தது. செத்தையும் நுரையுமாக ஒரு பழுப்புக் கோடு. அவசரம் இல்லாததுபோல வந்துகொண்டிருந்தது.

"இன்னொருதரம் எண்ணெயப் பாக்குறேன்" என்று யூனுஸ் மூடியைத் திருகினார். அப்போது ஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. போன தடவையும் கேட்டிருந்தேன். படுத்துக் கிடப்பவளுக்குக் காதைத் தவிர வேறென்ன வேலை?

"மச்சான், அத மூடாதீங்க! தொறந்தா ஓடுது, மூடினா நிக்குது!"

"தெறந்து ஓட்டினா எண்ணெய் தளும்பிச் சூட்டு எஞ்சின்ல ஊத்தும் புள்ள, வெந்துபோவோம். எண்ணெய் எறங்கக் காத்து வேணும்னுதான் மூடியிலயே ஒரு ஓட்டை..." என்றவர் மூடியை உற்றுப் பார்த்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. ரெங்கம்மாள் விளக்கு, சக்கரம், கதவு என்று ஒன்று விடாமல் சந்தனம் அப்பியிருந்தார். மூடியின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனம், மேலே குங்குமம், காய்ந்து கல்லாகி இருந்தது. போகும்போது மூடியை லேசாகத்தான் திருகியிருந்தாராம், இடுக்கு வழியாகக் காற்று போயிருக்கிறது. வைத்தியர் தெருவில் வண்டியை நிறுத்தியபோது, பிள்ளைகள் கைவைக்காமல் இருக்க அதை இறுக்கியதும் அவரேதான்.

"அவுக சாமிக்கு வச்சது ஹாஜரா. நாம தொடக்கூடாதுன்னு தொடைக்கும்போதுகூட ஒதுங்கித்தான் தொடச்சேன்."

மரியாதை பார்க்கிற நேரமா இது? "அவுக சாமி நம்மள மூழ்கடிக்கச் சொல்லுச்சா?" என்று கத்தி, முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கைப் பிடுங்கி நீட்டினேன்.

"ரெங்கம்மா, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லியபடியே ஊக்கால் குத்தினார். சந்தனம் பெயர்ந்து விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளை. மூடினார், சுற்றினார். சக்கரத்தைத் தண்ணீர் நக்கியபோது வண்டி நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓதினேன். எந்த இடத்தில் நிற்கும், எந்த இடத்தில் நிற்கும் என்று உடம்பு முழுக்கக் காதாக இருந்தேன். நிற்கவில்லை. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது தடமும் இல்லை, மணலும் இல்லை.

ரெங்கம்மாள் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு காத்திருந்தார். ஆற்றில் தண்ணீர் வந்த சேதி அவருக்கு எட்டியிருந்தது. "பாத்தியா யூனுசு, நேத்து நான் வச்ச சந்தனந்தேன் ஒங்களக் கர சேத்துச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

"ஆமாம்மா" என்றார் யூனுஸ். வேறென்ன சொல்வார்?

ரெங்கம்மாள் கைநிறையச் சந்தனத்தை அள்ளிக்கொண்டு டாங்கி மூடியை நோக்கிப் போனார். யூனுஸ் என்னைப் பார்த்தார். மறுபடியும் அந்த இரைச்சல் என் காதில் கேட்டது.

"அக்கா! அத இங்க வைங்க. என் காலு கட்டுமேல வைங்க, அம்புட்டையும் வைங்க!"

அவர் உதடு துடிக்க, கிண்ணத்தைக் கவிழ்த்து என் கட்டு முழுக்கப் பூசினார். மூடிக்கு ஒரு பொட்டுகூட மிஞ்சவில்லை.

அவர் உள்ளே போனதும் யூனுஸ் பின்கதவைத் திறந்து குனிந்தார்.

"வாடா ராசா" என்றார், என்னைப் பார்த்து.