தாளம் தப்பாத பிளாப்பி

வினோதினிக்குத் தன் கைவேலை மேல் கர்வம் கொஞ்சம் ஜாஸ்திதான். கச்சேரியில் வாசிக்கிற பழைய கீபோர்டில் பிளாப்பி டிரைவ் செத்துப்போனால், அந்த இடத்தில் பொருத்த ஒரு சின்ன போர்டு செய்து கொடுப்பாள். அதில் பென் டிரைவைச் செருகினால், பிளாப்பிதான் வந்திருக்கிறது என்று கீபோர்டு ஏமாந்துபோகும். வேங்கிக்கால் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே எத்தனையோ ஊர்க் கீபோர்டுகளை ஏமாற்றியிருக்கிறாள்.

விஜயதசமியன்று மணிவேலும் அவர் மனைவி தனமும் அடி அண்ணாமலையிலிருந்து ஆட்டோவில் கீபோர்டைக் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்தே மலையை மேகம் மூடிக்கிடந்தது. வினோதினிக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

தனம் கச்சேரிகளில் பாடியவள். போன வருடம் தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கச்சேரி கேசட்டுகளெல்லாம் ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வீணாய்ப்போயின. மிச்சம் இருந்தது, கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அவள் குரலே வரும்படி மணிவேல் எப்போதோ ஒரு பிளாப்பியில் பதிந்துவைத்த அவள் ஹம்மிங் மட்டும்தான்.

"இந்த மூலைத் துளைய மட்டும் மூடிடாதீங்க, மூடினா அழிஞ்சிடும்னு வித்தவன் சொன்னாம்மா. இன்னிக்கு வரைக்கும் மூடல" என்று பெருமையாக நீட்டினார் மணிவேல். பிளாப்பியின் நான்கு மூலையிலும் நேற்று ஆயுத பூஜைக்குத் தனம் வைத்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமத்தோடு காய்ந்திருந்தது.

"பொட்டோட வந்திருக்குது, கவலைய விடுங்கண்ணா" என்றாள் வினோதினி.

முதலில் பிளாப்பியில் உள்ளதைப் பென் டிரைவுக்கு எடுக்கவேண்டும். கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த பழைய டிரைவில் அதைத் தள்ளிவிட்டு, கீபோர்டின் அடிமூடியைக் கழற்ற உட்கார்ந்தாள். மீதியை அவள் எழுதிய புரோகிராமே பார்த்துக்கொள்ளும். துளை திறந்திருந்தால் படிக்கும். மூடியிருந்தால், சோதனைக்கு வாங்கிப்போட்ட காலி பிளாப்பி என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் யார் கேட்டுக் கேட்டுத் துடைப்பது என்ற சோம்பல்தான்.

டிரைவ் டக் டக் என்று ஓடத் தொடங்கியது. தனம் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குத் தொடையில் விரலால் தாளம் போட்டாள். ஓர் அடி தப்பவில்லை.

"பாத்தியாம்மா, இப்பவே பாட ரெடியாயிட்டா" என்று சிரித்தார் மணிவேல்.

வினோதினியும் சிரித்தாள். ஸ்குரூவைத் திருப்பிய கை பாதியில் நின்றது. இத்தனை வயசான பிளாப்பி படிக்கும்போது திக்கும், திணறும், போன இடத்துக்கே திரும்பிப் போகும். யாரையும் தாளம் போட விடாது. துடைக்கும்போதுதான் இப்படி ஒரே சீராகப் போகும்.

அவள் எழுந்து ஓடுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. துடைத்தாயிற்று என்று திரை சொன்னது. பிளாப்பியை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துளைக்குள் சந்தனம் இறுகி, அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு தடவை நகத்தால் சுரண்டியிருந்தால் போதுமே, பாவி!

மணிவேல் ஆசையோடு கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனம் கண்ணைத் திறந்து, உதட்டை மட்டும் அசைத்து, "ஆச்சா?" என்று கேட்டாள்.