இன்னும் கொஞ்சம் இடது பக்கம்

கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு புருஷனின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்கிற பெண்ணை அந்தப் பள்ளத்தாக்கு அதுவரை பார்த்ததில்லை. போதாததற்கு ரோசால்பா போட்டிருந்தது சிவப்புக் கோட்டு. அதைப் பார்த்ததும் மகள் யாஸ்னாவுக்கு முகம் சுண்டிப்போனது.

“அம்மா, இன்னைக்குப் போயி சிவப்பா? ஊர் என்ன பேசும்?”

“ஊருக்குக் குளிராதுடி. எனக்குக் குளிரும். நட.”

இரவெல்லாம் கொட்டிய பனியில் சவ ஊர்தி ஊர் எல்லையிலேயே சிக்கிக்கொண்டது. புருஷன் ஆர்னோல்தோவின் தம்பி எலிசேயோதான் விறகு இழுக்கிற சறுக்கு வண்டியில் தன் மாடுகளைப் பூட்டி, அதில் அண்ணனை ஏற்றினான்.

“ஏறுடா ஏறுடான்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். ‘உன் மாட்டைவிட என் கால் வேகம்’னு போயிடுவான். இப்ப வந்தான் பாரு வழிக்கு” என்று எலிசேயோ அழுதுகொண்டே சொன்னான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள்.

ரோசால்பா அழவில்லை. அவள் கண் முழுக்க மேகத்தின் மேல் இருந்தது. லோங்கிமாய் எரிமலை அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தது. கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் அது முகம் காட்டியாக வேண்டும். ஆர்னோல்தோ அவளிடம் கடைசியாகக் கேட்டது ஒரே ஒரு படம்தான். அதை அவள் இன்னும் எடுத்துக் கொடுத்தபாடில்லை.

குளிர்காலம் வந்தால் மலையைப் படம் எடுப்பதுதான் ஆர்னோல்தோவின் பிழைப்பு. கோடையில் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டான். “பனி இல்லாத மலை குளிக்கப் போற ஆள் மாதிரி. அதை யாராவது படம் எடுப்பாங்களா?” என்பான். ரொட்டிக்கடைச் சுவரில், பேருந்து நிலையத்தில், காலண்டர்களில் எல்லாம் அவன் எடுத்த மலைகள் தொங்கின. எல்லாப் படத்திலும் வெள்ளைக்கு நடுவே கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி ரோசால்பா.

“ஆள் நின்னாத்தான் மலை எவ்வளவு பெரிசுன்னு தெரியும்” என்று கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அவள் முழங்கால் பனியில் நடந்து போய், அராவ்காரியா மரம் ஒன்று தனியாக நிற்கிற இடத்தில் மலையைப் பார்த்து நிற்க வேண்டும். அவன் பாதை வளைவில் கேமரா ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்! அசையாதே!” என்று கத்துவான்.

“கட்டினவ மூஞ்சியை ஒரு தடவையாவது எடுத்தியாய்யா? என் முதுகை நாடே பார்த்தாச்சு” என்று அவள் திட்டாத வருஷம் கிடையாது. குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று, மாற்று பேட்டரியையும் அவள் உள்சட்டைக்குள்தான் வைத்திருக்கச் சொல்வான். “உன் நெஞ்சுல இருக்கிற சூடு வேற எங்கடி இருக்கு?” என்று ஐஸ் வைப்பான். அவளும் மயங்கித் தொலைவாள்.

இந்த வருஷம் நுரையீரல் அவனைப் படுக்கையில் போட்டுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே எப்போதும் மேகம். “இந்த வருஷப் பனியை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்” என்று முனகிக்கொண்டே இருந்தான். மேகம் சற்று விலகிய ஒரு காலையில் அவளே கேமராவைத் தூக்கிக்கொண்டு வளைவுவரை ஓடி, படம் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

ஆர்னோல்தோ அதை வெகுநேரம் பார்த்தான்.

“ஏண்டி, அடுப்புச் சாம்பலை எதுக்குப் படம் எடுத்தே?”

“யோவ், அது பனிய்யா!”

“அவ்வளவு வெள்ளையைப் பார்த்தா கேமரா மிரண்டுடும். தானா இருட்டாக்கிடும். நாமதான் வெளிச்சத்தை ஒன்றரை கூட்டி வைக்கணும். இத்தனை வருஷம் கூட நின்னியே, என்னத்தைப் பார்த்தே?”

“ம்ம். மலையைப் பார்த்தேன். நீ நிக்க வச்ச இடத்துலேர்ந்து அதைத்தான் பார்க்க முடியும்.”

அவன் சிரித்தான். இருமல் வந்து, அடங்கி, மறுபடி படத்தைப் பார்த்தான். “ஆளே இல்லையேடி. எவ்வளவு பெரிசுன்னு எப்படித் தெரியும்?”

“நானே எடுத்தா நான் எப்படிய்யா போய் நிக்கிறது?”

“அதுவும் சரிதான்” என்று கண்ணை மூடிக்கொண்டான். “யாராவது கிடைப்பாங்க. நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு ரோசா.”

மறுநாள் காலை அவள் மாத்தே டீயோடு வந்தபோது ஆர்னோல்தோ போய்விட்டிருந்தான்.

சவ ஊர்வலம் போகிற வழியில் அதே வளைவு வந்தது. “எலிசேயோ, நிறுத்துப்பா” என்றாள் ரோசால்பா.

மாடுகள் மூச்சில் புகை விட்டு நின்றன. பாதிரியார் வானத்தைப் பார்த்தார். “அம்மா, மத்தியானம் மறுபடி கொட்டும்னு சொல்றாங்க. குழி மூடிடும்.”

“கொஞ்ச நேரம், சாமி. இவர் இந்த இடத்துல நிக்காம ஒரு நாளும் தாண்டினதில்லை.”

ஆண்கள் காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் மேகத்தையே பார்த்தாள். அவளுடைய அம்மாவும் இதே மலையடியில்தான் பிறந்து செத்தாள். அடுப்பையும் துணிக்கொடியையும் தவிர ஒன்றையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆர்னோல்தோவாவது ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தான். இரண்டு கண்ணாலும் மலையை முழுசாகப் பார்த்தவள் அவள்தான். இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாயே, நீ நல்லா இருய்யா என்று மனசுக்குள் சொன்னாள். செத்தவனிடம் சொல்கிற வார்த்தையா இது என்று தோன்றியது. ஆனாலும் இன்னொரு தடவை சொன்னாள்.

மேகம் கீழிருந்து கிழிந்தது. முதலில் சரிவு, பிறகு தோள், பிறகு உச்சி. கூட்டத்தில் யாரோ “அம்மாடியோவ்” என்றார்கள்.

ரோசால்பா கோட்டைக் கழற்றிச் சவப்பெட்டியின் மேல் விரித்தாள். கோட்டின் கைகள் இரண்டையும் இருபக்கமும் ஒழுங்காக இழுத்துவிட்டாள்.

“அம்மா, விறைச்சுப் போயிடுவே!” என்றாள் யாஸ்னா. அதற்குள் எலிசேயோ தன் கம்பளிப் போஞ்சோவைக் கழற்றி அண்ணியின் தலை வழியாக மாட்டிவிட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“எங்க நிறுத்தணும் அண்ணி?”

“அந்தத் தனி மரத்துக்கிட்ட. வண்டியை நிறுத்திட்டு எல்லாரும் மாட்டுக்குப் பின்னால ஒதுங்கிக்குங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

வண்டி வெள்ளைக்குள் இறங்கிப் போனது. போகப் போகச் சின்னதானது. மரத்தருகே நின்றதும் அவள் உள்சட்டைக்குள் கைவிட்டுப் பேட்டரியை எடுத்துக் கேமராவில் போட்டாள். வெளிச்சத்தை ஒன்றரை கூட்டினாள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். சிவப்பு மரத்தோடு ஒட்டிக்கொண்டு தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!” என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். மாடுகள் நாலடி நகர்ந்தன.

“அங்கதான்! அசையாதே!”

ஆர்னோல்தோ அசையவில்லை. இந்த வேலைக்கு அவளைவிட அவன்தான் தோதான ஆள்.

கண்ணாடியில் ஆவி படியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினாள். பார்த்தாள். பனி பனியாக இருந்தது. அதற்கு நடுவே கடுகளவு சிவப்பு. மலை எவ்வளவு பெரிசு என்று தெரிந்தது.

பேட்டரியைக் கழற்றி மறுபடி உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் நிற்கிற இடத்தை நோக்கி முழங்கால் பனியில் நடக்கத் தொடங்கினாள்.