கூடையில் வந்த மந்திரி

கால்நடை மருத்துவமனையில் எல்லோரும் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிற பிராணிகளை நிறுத்து எழுதுவது அவள் வேலை. எதையும் தன் கண்ணால் பார்த்தாலொழிய நம்பாத குணம் வேறு. மருத்துவர் அவளுடைய சொந்த அண்ணி. ஆனாலும் அண்ணி எடுத்துக் கொடுக்கிற மருந்துப் புட்டியை ஒருமுறை திருப்பிப் படித்துவிட்டுத்தான் வாங்குவாள்.

அன்று காலை தையல்காரர் துணி போர்த்திய கூடையோடு வந்தார். உள்ளே மந்திரி. இகுவானா, உடும்பு அளவுக்கு வளர்ந்து, இலையும் பூவும் தின்கிற பச்சைப் பல்லி. இந்தப் பக்கத்துப் பிராணியே அல்ல. ஆசைக்கு வாங்கியவர்கள் அலுத்ததும் தண்ணீர்க் கரையில் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று ஒன்றரை வருடம் முன்பு சட்டம் வந்தது. புதிதாக யாரும் வாங்கக்கூடாது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பதிவு செய்துகொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். தையல்காரர் ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

அவள் துணியை விலக்கியதும் வால் சாட்டையாகச் சுழன்று மணிக்கட்டில் விழுந்தது.

“என்ன மாஸ்டர், மந்திரிக்கு இவ்வளவு கோபம்? முன்னெல்லாம் தராசுலயே தூங்கிடுவாரே!”

“வயசாகுதில்லம்மா. எனக்கே இப்பல்லாம் தொட்டதுக்கெல்லாம் கோபம் வருது.” சிரித்தார், ஆனால் பார்வை வாசலிலேயே இருந்தது.

ஒரு கையை நெஞ்சுக்கடியிலும் மறுகையை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் தூக்கினாள். வயிற்றில் கோலிக்குண்டு போல ஏதோ விரலில் இடறியது. ஒன்றல்ல, ஒரு பை நிறைய. பதிவுக்கு வந்த பெட்டைகளிடம் இப்படித் தொட்டுப் பார்த்திருக்கிறாள். முட்டை! பதிவேட்டிலோ மந்திரி ஆண்.

கோப்பைப் பார்க்காமல் அவள் எதையும் சொல்வதாக இல்லை. எடையை எழுதினாள், படம் எடுத்தாள். அண்ணி வந்தாள், மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். தையல்காரர் பின்னால் யாரோ துரத்துவதுபோலக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் அவள் மந்திரியின் கோப்பை எடுத்துப் பிரித்தாள். தவணைக்கு ஒன்றாக ஆறு படங்கள். இகுவானாவின் கன்னத்தில் வட்டமாக ஒரு பெரிய செதில் இருக்கும். முதல் மூன்று படங்களில் அதன் கீழே இரண்டு சின்னச் செதில்கள் ஒட்டியிருந்தன. நான்காவதில் அவை இல்லை. ஐந்தாவதில் வால் பட்டைகளே வேறு. இன்று வந்தது அதுவும் அல்ல. ஆறு படத்தில் நான்கு பிராணிகள், ஆறிலும் அண்ணியின் கையெழுத்து.

இரண்டு வருடம் முன்பு பார்த்த நாய்க்குட்டியைக் காது மடிப்பை வைத்து அடையாளம் சொல்கிறவள் அண்ணி. அவளுக்கா தெரிந்திருக்காது? போன மாதம் மருத்துவமனைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தது யார்? இந்தத் தையல்காரர்தான். சோற்று டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

படங்களை அண்ணியின் மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். “இதுல எது மந்திரி, அண்ணி?”

அண்ணி நான்காவது படத்தின்மேல் விரலை வைத்தாள். “போன தடவைக்கு முன்தடவையே எனக்குச் சந்தேகம்தான். அது செத்திருக்கும், மனசு கேக்காம யார்கிட்டயோ இன்னொண்ணை வாங்கிட்டார்னு நினைச்சேன். தனிக்கட்டை மனுஷன். போகட்டும்னு விட்டுட்டேன்.”

“திரைச்சீலை?”

“ஏய்! அதுக்குத் துணி, கூலி எல்லாம் நான்தான் கொடுத்தேன். என்னையே சந்தேகப்படறியா?”

“ஆமா, அண்ணி.”

அண்ணியின் முகம் சிவந்தது. எழுந்து பையை எடுத்தாள். “சரி, வா. அவர்கிட்டயே கேட்டுடலாம்.”

தையல் கடையில் கூடை காலியாகக் கிடந்தது. தையல்காரரின் கால்களில் சேறு, கைகளில் முள் கீறல். அவர்களைக் கண்டதும் துணியே வைக்காமல் இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தார்.

“மந்திரி எங்க, மாஸ்டர்?” என்றாள் அவள்.

சக்கரம் நின்றது. “ஓடிப்போச்சும்மா. மழைக்காலத்துல ஒருநாள் ஜன்னலைச் சாத்த மறந்துட்டேன். சொன்னா கேஸ் போடுவாங்கன்னு பயம். தேடிக்கிட்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். ஒண்ணைப் பிடிச்சேன். கூடையில போட்டப்புறம் பார்த்தா, அது மந்திரி இல்ல.”

“அதைத்தான் காட்டினீங்களா?”

“காட்டிட்டு, பிடிச்ச இடத்துலயே விட்டுடுவேன். அடுத்த தடவை வேற ஒண்ணு.”

“தேடினதும் கிடைச்சிடுமா?”

“தேடறதாவது! துவைச்சுக் காயப்போட்ட துணியாட்டம் கரை முழுக்கக் கிடக்குதுங்கம்மா.”

அவளும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மனிதரின் திருட்டுத்தனத்தைப் பிடிக்கத்தான் அவள் வந்தாள். இப்போது வாய்க்கால் கரை நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமாகக் கரையில் மீன்கொத்திகள் கண்ணில் படவில்லை. அவை பொந்து குடைகிற கரை மண்ணில்தான் இகுவானாக்களும் குழி தோண்டி முட்டையிடும்.

“காலையில கொண்டுவந்தீங்களே, அது?”

“அப்பவே விட்டுட்டேனே.”

“அது வயித்துல முட்டை, மாஸ்டர்.”

அவர் இயந்திரத்தின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வனத்துறைக்குத் தொலைபேசியில் சொன்னது அண்ணிதான். “வேற பிராணின்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன். அதையும் எழுதிக்குங்க” என்றாள். அண்ணியிடமிருந்து பதிவு பார்க்கிற அதிகாரத்தைப் பறித்துக்கொண்டார்கள். தையல்காரர்மேல் வழக்கு வந்தது. இடம் தெரிந்தவர் என்பதால் ஆட்களை அழைத்துக்கொண்டு கரையில் முன்னால் நடந்தவரும் அவர்தான்.

பத்து நாளில் நாற்பத்து மூன்று பிடிபட்டன. வைத்துக் காப்பாற்ற இடமில்லை. ஊசி போட்டுத்தான் முடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் தராசு நிறுத்து எழுதினாள். அண்ணி ஊசி போட்டாள். அந்தப் பத்து நாளும் இருவரும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

முட்டையோடு வந்த அந்தப் பெட்டை கடைசி நாளில்தான் அகப்பட்டது; கன்னச் செதில்கள் ஆறாவது படத்தோடு ஒத்துப்போயின. தூக்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

“போட்டிருச்சு, அண்ணி.”

“எங்கேன்னு தெரியுமா?”

“தெரியல.”

அண்ணி கையுறையைக் கழற்றினாள். இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினார்கள். அங்கே தையல்காரர் ஏற்கெனவே முழங்காலிட்டு, மண்ணைக் கையால் பறித்துக்கொண்டிருந்தார்.