நெல் மூடும் முகங்கள்

எங்கள் தெருவில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும், காது குத்தினாலும், யாராவது செத்துப்போனாலும் நான் முதலில் பார்ப்பது பேனரைத்தான். எவ்வளவு அகலம், கனமா மெலிசா, எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வேன். விசேஷம் முடிந்த மறுநாள் போய், "பேனரை நான் எடுத்துக்கவா?" என்று கேட்டுவிடுவேன். இல்லை என்று யாரும் சொன்னதில்லை. மானங்கெட்ட பழக்கம் என்று என் மகள் கவிப்ரியா சொல்வாள். நனைந்து முளை கட்டிய நெல்லை அள்ளிப் பார்த்தவளுக்குத் தெரியும் மானம் எதில் இருக்கிறது என்று.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். குறுவை அறுப்பு புரட்டாசி மழையில் வந்து மாட்டிக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் நம் முறை வரும்வரை நெல்லைத் தார்ரோட்டு ஓரம் காயப்போட்டுக் காவல் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் எடுக்க மாட்டார்கள். தார்ப்பாய் வாங்க எல்லோருக்கும் முடியாது. பேனர் சும்மா கிடைக்கும். அதனால் மேகம் கறுத்தால் தெருவே "அமிர்தம்" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வரும். என் வீட்டுக்காரர் நாகநாதன் பரணில் ஏறி ஒவ்வொன்றாக உருட்டிவிடுவார். பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் தன் மகன் ஆல்பின் சர்ச்சில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கியபோது வைத்த பேனர்தான் வேண்டும் என்பாள். தெருக்கோடி வீட்டுப் பஞ்சநதத்துக்கு எது கிடைத்தாலும் சரி. போன தேர்தலில் ஜெயித்தவரும் தோற்றவரும் எங்கள் பரணில் ஒன்றாகத்தான் சுருண்டு கிடந்தார்கள்.

பரணில் இடம் போதாமல் பாதி கூடத்துக்கு வந்துவிட்டது உண்மைதான். அதோடு சாக்குக் கட்டு, கூடைகள், மருந்தடிக்கும் டேங்க். கவிப்ரியா சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தால் வெறும் சுவராகப் பார்த்து முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் வீடியோவில் ஆபீஸ்காரர்களோடு பேசுவாள். அவள்தான் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கூடத்தைப் படம் பிடித்து டிவிக்கு அனுப்பியிருக்கிறாள். 'வீட்டைக் கொஞ்சம் காட்டுங்க' என்று நிகழ்ச்சி. குப்பையாய்க் கிடக்கும் வீட்டைத் தேடிப் பிடித்து, வீட்டுக்காரர்களை இரண்டு நாள் வெளியே அனுப்பிவிட்டு, பளபளவென்று ஆக்கிக் காட்டுவார்களாம்.

"ஊரே பாக்கும்டி, என் வீடு குப்பைன்னு" என்றேன்.

"இப்ப மட்டும் பாக்கலையாம்மா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மகள் ஆசைப்பட்டுவிட்டாள். நாகநாதனும், "செலவு நமக்கு இல்லையே, செஞ்சுட்டுப் போறாங்க" என்றார். ஒப்புக்கொண்டேன்.

வேனும் லாரியுமாக வந்து இறங்கினார்கள். தொகுப்பாளர் சூர்யபிரகாஷ் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பல். வந்ததும் வீட்டு முன்னால் இரண்டு கம்பம் நட்டு, வீட்டையே மறைக்கிற மாதிரி ஒரு பேனரைத் தூக்கிக் கட்டினார்கள். அதில் அவர் மட்டும் கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் கேமராவுக்கு முன்னால் அதை இறக்கித்தான் வீட்டைக் காட்டுவார்களாம். நான் போய் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு கனமான பேனரை என் ஆயுசில் நான் தொட்டதில்லை. ஓரம் மடித்து, வளையம் அடித்து, கயிறு கோத்திருந்தது.

கூடத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சூர்யபிரகாஷ் ஒரு பேனரைப் பிரித்தார். 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, செத்துப்போன துரைராசு மீசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் உங்களுக்கு ரொம்ப நெருங்கின சொந்தமாம்மா?"

"இல்லைங்க. நெல்லு மூடறதுக்கு."

அவர் கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, "பழசை விட மனசு வராதும்மா, எனக்குப் புரியுது. எங்க ரூல் ஒண்ணுதான். ஒரு வருஷமா தொடாத பொருள் உங்களுக்கு வேண்டாத பொருள். அழணும்னா அழுதுடுங்க" என்றார்.

"எதுக்கு அழணும்? இதைப் போன அறுப்புலதான் எடுத்தேன். இந்த அறுப்புக்கும் வேணும். நெல்லு ரோட்டுல கிடக்கு, நீங்க வர்றப்பவே பாத்திருப்பீங்க. எதை வேணா தூக்கிப் போடுங்க, பேனரையும் சாக்கையும் தொடாதீங்க. இது எனக்கு மட்டும் இல்ல, தெருவுக்கே உள்ளது."

"கண்டிப்பாம்மா. பத்திரமா வைக்கிறோம்" என்றார். நானும் நம்பினேன்.

இரண்டு நாளும் மரியபுஷ்பம் வீட்டில் இருந்தோம். உள்ளே தட்டுவதும் அறுப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது. கவிப்ரியா நிலைகொள்ளாமல் நடந்தாள். நான் ரோட்டில் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் நெல், பக்கத்தில் மரியபுஷ்பம் நெல், அதற்கப்பால் பஞ்சநதம் நெல்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேற்கே கறுத்தது. காற்று ஈரமாக வந்தது. நாகநாதன் நெல்லைக் குவிக்க ஆரம்பித்தார். நான் வீட்டுக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் மரியபுஷ்பமும் பஞ்சநதமும் வழக்கம்போல ஓடி வந்தார்கள்.

வாசலில் சூர்யபிரகாஷ் கையை நீட்டி மறித்தார். "அம்மா, இன்னும் அரை மணி நேரம். பூ அலங்காரம் நடக்குது. நீங்க இப்ப பாத்துட்டா சர்ப்ரைஸ் போயிடும்."

"வீட்டைப் பாக்க வரலைங்க. பேனரைக் குடுங்க, மழை வருது."

அவர் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். "அதெல்லாம் நேத்தே லாரில போயிடுச்சும்மா" என்றான்.

"சாக்கு?"

"அதுவும்தான்."

யானை வாயில் போன கரும்பு. எனக்குக் கோபத்தில் காது அடைத்துவிட்டது. மரியபுஷ்பம், "இப்ப என்னக்கா செய்யறது?" என்றாள். அவள் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று பேருடைய நெல் ரோட்டில் கிடக்கிறது. என் வீட்டை நம்பித்தான் கிடக்கிறது. மகள் ஆசை, டிவி என்று நான் கதவைத் திறந்துவிட்டதால் இவர்கள் ஏன் நனைய வேண்டும்?

"வேணும்னா புதுப் பிளாஸ்டிக் ஷீட் ஏற்பாடு பண்றோம்மா. நாளைக்குக் காலைல வந்துடும்" என்றார் சூர்யபிரகாஷ்.

"நாளைக்குக் காலைல நெல்லு முளைச்சிருக்கும்ங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு மேலே அவரே கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கனம், ஓரம், வளையம், கயிறு.

"பஞ்சநதம், அரிவாளைக் குடுய்யா."

அவர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கவிப்ரியா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அம்மா, வேணாம்மா. கேமரா ஓடுது. எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாங்க."

"நல்லாப் பாக்கட்டும்டி. வீட்டைக் குப்பைன்னு காட்டினது நீ. அந்தக் குப்பை எதுக்குன்னு காட்டறது நானு."

கையை விட்டுவிட்டாள். நான் ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தேன். மறுபக்கம் பஞ்சநதம் அறுத்தார். பேனர் சரிந்து விழுந்தது. சூர்யபிரகாஷ், "கட், கட்" என்று கத்தினார். கேமராக்காரர் கட் பண்ணவில்லை.

என் வீடு தெரிந்தது, திறந்த கதவு வழியே கூடமும். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. வெள்ளைச் சுவர், வழவழவென்று புதுத் தரை, வெள்ளைச் சோபா, கூரையில் புதுசாக இரண்டு ஃபேன். இத்தனை வருஷத்தில் என் கூடத்துக்கு இவ்வளவு இடம் இருந்தது எனக்கே தெரியாது. ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். மனசு நிறையத்தான் செய்தது. அப்போது முதல் துளி கையில் விழுந்தது.

"இதை நீங்க ரெண்டு பேரும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டு குவியலையும் சேத்து மூடிடும்" என்றேன் மரியபுஷ்பத்திடம்.

"அப்ப உன் நெல்லுக்கு, அக்கா?"

"எனக்குத்தான் கூடம் இருக்கே."

வாசலோரம் அடுக்கியிருந்த புதுப் பிளாஸ்டிக் தொட்டிகளை, அதற்குள் ஓடி வந்துவிட்ட நாகநாதன் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். அதில் என்ன வைப்பதற்கென்று வாங்கினார்களோ தெரியாது. நெல் அள்ள நன்றாக இருந்தது. நான் முந்தானையிலும் அள்ளினேன். முதல் தொட்டியோடு வாசலுக்கு வந்தபோது சூர்யபிரகாஷ் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, தயவுசெஞ்சு. ஃப்ளோர் புதுசு. வெள்ளை கார்ப்பெட். எங்க ரெண்டு நாள் உழைப்பும்மா இது."

"எங்க உழைப்பு நாலு மாசம், தம்பி. வழி விடுங்க."

அவர் என் மகளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். உங்களுக்காகத்தான செஞ்சோம்."

கவிப்ரியா செருப்பைக் கழற்றிப் போட்டாள். உள்ளே போய்க் கார்ப்பெட்டைச் சுருட்டினாள். சோபாவைத் தள்ளிப் பார்த்தாள்; அவளால் தனியாக முடியவில்லை.

"சார், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. நெல்லு வருது" என்றாள்.

என்ன நினைத்தாரோ, அவரும் பிடித்தார்.

மழை கொட்டுவதற்குள் முக்கால்வாசி நெல் உள்ளே வந்துவிட்டது. மிச்சம் நனைந்தது, நனையட்டும். சுவரிலிருந்து சுவர் வரை பரப்பி, இரண்டு ஃபேனையும் முழு வேகத்தில் போட்டேன். பூ ஜோடனை நெல் தூசி படிந்து காற்றில் ஆடியது. ரோட்டில், மழைக்குக் கீழே, சூர்யபிரகாஷ் இரண்டு குவியலையும் அணைத்துக்கொண்டு சிரித்துக் கிடந்தார். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

"இந்த எபிசோட் போகாதும்மா" என்றார் நனைந்த சூர்யபிரகாஷ்.

"போகாட்டிப் போவட்டும்ங்க. காபி குடிச்சுட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் போனார்கள். நிகழ்ச்சி வரவில்லை. கவிப்ரியா மறுநாள் நெல்லுக்கு நடுவில் உட்கார்ந்து ஆபீஸில் பேசினாள், சுவரைத் தேடவில்லை. பின்னால் என்ன அது என்று யாரோ கேட்டார்கள். "எங்க நெல்லு" என்றாள்.

டிவிக்காரர்களிடமிருந்து பேனரைக் கேட்டு இரண்டொரு தடவை போன் வந்தது. காயட்டும், தருகிறேன் என்றேன். தை மாதம் சம்பா அறுப்பில் எதிர்பாராத மழை. பஞ்சநதம் தெருக்கோடியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "அமிர்தம், சூர்யபிரகாஷை இறக்கு, சீக்கிரம்."

இறக்கினேன். ஒரு வருஷமாகத் தொடாததைத் தூக்கிப் போடச் சொன்னார் அவர். அவரை நான் ஒவ்வொரு அறுப்புக்கும் எடுக்கிறேன். தூக்கிப் போட மாட்டேன்.