வெள்ளை வவ்வாலுக்கு அமைந்த வரன்

தேவனாம்பட்டினம் பழனிவேல் ஒயின்ஷாப் படியேறினார் என்ற செய்தி, அவர் படியிறங்குவதற்குள் கடலூர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிளம்பிப் போன மூன்று படகுகளில் இரண்டு, வேடிக்கை பார்ப்பதற்காகத் திரும்பி வந்தன. மூன்றாவது திரும்பாததற்குக் காரணம், அதை ஓட்டியவருக்குக் காது கேட்காது.

பழனிவேல் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர். பிறந்ததிலிருந்து தாய்ப்பாலுக்கும் தண்ணீருக்கும் மேலே போகாதவர். சோடாகூடக் கிடையாது. பொங்குகிற எதுவும் நல்ல சகவாசம் இல்லை என்பது அவருடைய கட்சி. அப்படிப்பட்டவர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒயின் கேட்டார்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஊரே அதை ஒயின்ஷாப் என்றுதான் சொல்லும். உள்ளே பிராந்தி இருந்தது, ரம் இருந்தது, பீர் சூடாக இருந்தது. ஒயினை மட்டும் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"பெரியவரே, இது ஒயின்ஷாப்பு," என்றார் விற்பனையாளர், பொறுமையாக. "இங்க எப்படிங்க ஒயின் இருக்கும்?"

வரிசையில் நின்ற ஒருவர் மெடிக்கலில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர், வீட்டில் யாருக்காவது பிரசவமா என்று அக்கறையாக விசாரித்தார். பழனிவேல் அசையவில்லை. கடைசியில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு பாட்டில்கள் வெளியே வந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. கடை திறந்த புதிதில் தவறி வந்து இறங்கியவை. திருப்பி அனுப்பவும் யாருக்கும் தோன்றவில்லை. விற்பனையாளர் தன் சொந்தத் துண்டாலேயே தூசி தட்டி, வளர்த்த பிள்ளைகளை அனுப்பிவைக்கிற முகத்தோடு நீட்டினார்.

இத்தனைக்கும் காரணம் பழனிவேலின் மகள் தமிழினி. சிதம்பரத்தில் படிக்கப் போன இடத்தில் ஜெயப்பிரகாஷ் என்ற பையனைப் பிடித்துப்போய்விட்டது அவளுக்கு. அவன் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல்லில் நின்றாள். பழனிவேலுக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. ஐஸ் கம்பெனிக்குள் வந்தவன் குளிருகிறது என்று சொல்லவில்லை. அது போதும் அவருக்கு.

சிக்கல் பையனின் அப்பா. பெயர் இளவரசு. புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அங்கே சொல்தா என்பார்கள். அவர் அந்த வகை. அக்கம்பக்கத்தில் ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசே என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். பையன் போனில் விவரமாகச் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றப்ப எங்கப்பா ஜாதகமெல்லாம் பாக்க மாட்டாரு மாமா. சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும்தான் பொருத்தம் பாப்பாரு. பொருந்தலன்னா எலைய மடிச்சிட்டு எழுந்துடுவாரு. எங்கண்ணனுக்குப் பாத்த ரெண்டு வீட்ல எழுந்துட்டாரு."

பொருத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் பழனிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் துறை. கோழி வாங்கினால்கூட எந்தக் கிழமை பொரித்தது என்று கேட்டுத்தான் வாங்குவார். புதுசாக ஆரம்பிக்கிறவனுக்கு அடிப்படை விதி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"இருக்குது மாமா. வெள்ளை மீனுக்கு வெள்ளை ஒயினு. செவப்புக் கறிக்குச் செவப்பு ஒயினு. ஆரம்பத்துக்கு இது போதும்."

பழனிவேல் போனை வைத்தார். சமையலறைக்குப் போனார். மனைவி அமராவதி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போய் வந்து நின்றவரைப் பார்த்து, என்ன ஆச்சு, பையன் வேண்டாம் என்கிறானா என்று கேட்டாள்.

"அதவுட மோசம். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் முடி போடச் சொல்றான். ரெண்டும் ஒரே வகையறா இல்லையா? அண்ணன் தங்கச்சிக்குக் கட்டி வெக்கறதா?"

அமராவதி கத்தியைக் கீழே வைத்தாள். எதற்கும் ஜோசியரை ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னாள்.

அதனால்தான் மறுநாள் காலை அந்த இரண்டு பாட்டில்களும் மஞ்சள் பையில் கழுத்தை நீட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் போயின. பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் அவை 'டிங்' என்றன. பிள்ளைகள் பயணத்தில் பேசிக்கொண்டு வந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று பழனிவேல் விட்டுவிட்டார்.

சிதம்பரம் கீழவீதியில் பாத்திரக்கடை மாடியில் இருந்தவர் கொளஞ்சி ஜோசியர். முழுசாக இரண்டு தாலுகாவுக்குப் பொருத்தம் பார்த்தவர். பாட்டில்களை மேசைமேல் வைத்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெண்கள் இரண்டும் அடக்கமாக இருக்கின்றன என்று மட்டும் சொன்னார்.

"பெண்தான்னு எப்படிச் சொல்றீங்க சாமி?"

"கழுத்து இருக்குதே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். பிறந்த தேதி அச்சிட்டே இருந்தது. இந்தக் காலத்தில் பெற்றவர்களே இவ்வளவு சரியாகத் தேதி கொடுப்பதில்லை என்று பாராட்டினார். பிறந்த ஊர் நாசிக். சூர்ப்பணகைக்கு மூக்கறுந்த ஊர் என்பதால், இந்தப் பெண்களை முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும் என்றார். பிற்பாடு இதைக் கேள்விப்பட்ட ஜெயப்பிரகாஷ், பிரான்சிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒத்துக்கொண்டான்.

மாப்பிள்ளைப் பக்கம் மீன். அதற்கு என்ன ராசி என்று பழனிவேல் கேட்டதும், ஜோசியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீனுக்கு என்னய்யா ராசி? மீன ராசிதான்."

ஆட்டுக்கறிக்கு மேஷம். நண்டுக்குக் கடகம். இறாலுக்குச் சொந்த ராசி கிடையாது. கடகத்தில் வாடகைக்கு இருந்துகொள்ளலாம். கோழிக்கு அதுவும் இல்லை; ராசியே இல்லாத ஜீவனை விருந்தில் வைக்க வேண்டாம் என்று அடித்துவிட்டார். பாட்டில், குடத்தின் ஜாதி என்பதால் கும்பம். கும்பத்துக்கும் கடகத்துக்கும் ஆறுக்கு எட்டு. நண்டையும் ஒயினையும் ஒரே இலையில் சேர்த்தால் கோர்ட்டில்தான் முடியும். ஆக மிஞ்சியது மீனும் ஆடும்.

"முறைதான் சாமி எனக்குக் கொழப்பம்," என்றார் பழனிவேல். "வெள்ளைக்கு வெள்ளைங்கறான் பையன்."

ஜோசியர் காதைப் பொத்திக்கொண்டார். வெள்ளைக்கு வெள்ளை பங்காளி. சிவப்புக்குச் சிவப்பு பங்காளி. வெள்ளை வவ்வால் மீனுக்குச் சிவப்புதான் மாமன் மகள் முறை, ஆட்டுக்கு வெள்ளை. பெண் மாப்பிள்ளையைவிட ஆறேழு வருஷம் மூத்தது என்பது ஒரு குறை. ஏனென்றால் மீன் அன்று காலையில்தான் தண்ணீரை விட்டு வெளியே வரப் போகிறது. ஆனால் இப்போதெல்லாம் அதை யாரும் பார்ப்பதில்லை. கொஞ்சம் தோஷமும் இருக்கிறது. அதற்குப் பரிகாரம், பெண்ணை முதலில் வாழைக்குக் கட்டிவைக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு கல்யாணம் ஆகாது, மீனுக்கு முதலில் முடியுங்கள் என்றார்.

விருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புதுச்சேரிக் கார் வந்து நின்றது. முதலில் மீசை இறங்கியது, பிறகு இளவரசு இறங்கினார். பின்னாலேயே ஜெயப்பிரகாஷ், தூக்குக்குப் போகிறவனைப் போல. இளவரசு வீட்டைப் பார்க்கவில்லை, பெண்ணைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அமராவதி வெள்ளை வவ்வால் குழம்பை வைத்தாள். தமிழினி கதவோரம் நின்று, அந்த இலையையே பார்த்தாள்.

பழனிவேல் அலமாரியைத் திறந்து சிவப்பை எடுத்து வந்தார். அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. மூடியைத் திறந்தவர் முதல் காரியமாக வாழையிலையின் ஓரத்தில் நாலு சொட்டு விட்டார். தோஷம் கழிந்தது. இளவரசு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஊற்றுவதற்கு முன்னால் விருந்தாளிக்குக் கொஞ்சம் காட்டி ஒப்புதல் வாங்குவது அவர் பழகிய இடத்து மரியாதை. பரவாயில்லை, தெரிந்த குடும்பம்தான் என்பதுபோல் தலையசைத்தார். ஜெயப்பிரகாஷுக்கு மூச்சு வந்தது.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிய பிறகுதான் இளவரசு நிறத்தைப் பார்த்தார். குழம்புக்குள் கிடந்த மீனைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார்.

"மீனுக்குச் செவப்பா?"

அவருடைய வலது கை இலையின் மேல்முனையைப் பிடித்து மெதுவாகத் தூக்கியது. குழம்பு அவர் பக்கமாக ஓடி வந்தது. அந்த இலை மடிந்துவிட்டால் தமிழினியின் கல்யாணமும் அதோடு மடிந்தது.

"கொஞ்சம் இருங்க முசே," என்றார் பழனிவேல். "தெரியாமச் செய்யல. வெள்ளைக்கு வெள்ளை பங்காளி ஆயிடுது. அண்ணன் தங்கச்சி மொற. மீனா இருந்தாலும் நாங்க அப்படிக் கட்டிக் குடுக்கறதில்லைங்க."

இலை பாதியில் நின்றது. இளவரசு மீசைக்கு மேலே பழனிவேலை வெறித்துப் பார்த்தார். பிரான்சில் எத்தனையோ மேசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒரு காரணத்தை யாரும் சொன்னதில்லை. சொல்லப்போனால் அதில் தப்பு எங்கே இருக்கிறது என்றும் அவருக்குப் பிடிபடவில்லை. இலையை விடாமலே கேட்டார்.

"இவ்ளோ மொற பாக்கறீங்களே, நீங்க இன்னா வகையறா?"

"துடுப்பு வீடுங்க. இதே ஊரு."

"அட. எங்க தாத்தாவும் இந்த ஊருதான். அவரும் துடுப்பு வீட்லேருந்துதான் கப்பலேறினாரு."

பழனிவேலுக்குக் காலுக்குக் கீழே தரை வழுக்கியது, ஐஸ் கம்பெனித் தரை மாதிரி. பாட்டிலுக்குப் பார்த்தார், மீனுக்குப் பார்த்தார், நண்டுக்குக்கூடப் பொருத்தம் பார்த்தார். சொந்த மகளுக்குப் பார்க்கவில்லை. ஜாதகம் வேண்டாம் என்று எதிர்ப்பக்கம் சொன்னதும், பிரெஞ்சுக்காரருக்கு ஏது வகையறா என்று இருந்துவிட்டார். இப்போது பையன் பங்காளி வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். தமிழினிக்கு அண்ணன். கதவோரத்திலிருந்து ஒரு தேம்பல் கேட்டது. ஜெயப்பிரகாஷ் தன் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அமராவதி குழம்புக் கரண்டியோடு முன்னால் வந்தாள்.

"ஏங்க, உங்க தாத்தா துடுப்பு வீட்ல பொறந்தவரா, இருந்தவரா?"

இளவரசு இடது கையால் மீசையைத் தடவினார். காது மடல் சிவந்தது.

"அதுல இன்னா வித்தியாசம்?"

"ஜாஸ்தி வித்தியாசம் இருக்குது. பொறந்தவருன்னா நீங்க எங்களுக்குப் பங்காளி. எலைய மடிச்சிடுங்க, நானே எடுத்துப் போட்டுடறேன்."

இளவரசு இலையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் கையைக் கூப்பினான். நாட்டுக்காகப் போருக்குப் போன தாத்தா என்று புதுச்சேரியில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கித்தாப்பு இருந்தது. நடுக்கூடத்தில் பெரிய படம் மாட்டி, தினமும் விளக்கேற்றினார்கள். அதையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, மீன் முள்ளை எடுப்பதுபோல் சொல்லை எடுத்து வெளியே வைத்தார்.

"இருந்தவரு."

"எப்படி இருந்தவரு?"

"வீட்டோட மாப்பிள்ளை." குரல் பாதியாகிவிட்டது. "பொறந்தது நங்கூர வீடு. மாமியாக்காரி பேச்சு தாங்காமத்தான் கப்பலேறினாரு. போருக்குன்னு நாங்க சொல்லிக்கறது."

அமராவதி கரண்டியாலேயே காற்றில் கணக்குப் போட்டாள். இவர் நங்கூர வீடு. இவருடைய பாட்டி துடுப்பு வீட்டுப் பெண். அப்படியானால் பழனிவேல் இவருக்கு மாமன் வீட்டு ஆள். பையனுக்குத் தமிழினி, வெள்ளை வவ்வாலுக்குச் சிவப்பு எப்படியோ அப்படி.

"மொற சரியா இருக்குது," என்றாள். "சாப்புடுங்கண்ணே, ஆறிடப் போவுது."

அண்ணே என்று அவரை யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. இளவரசின் கை இலையை மெல்லக் கீழே விட்டது. குழம்பு தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. அவர் மீனில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, டம்ளரை மூக்குக்கு அருகில் வைத்து முகர்ந்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். பழனிவேலின் வீட்டில் அப்போது கடல் சத்தம் மட்டும் கேட்டது. கடல்கூடக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டது என்று சிலர் சொல்வதுண்டு. அது அவ்வளவு நம்பத் தகுந்ததல்ல.

கண்ணைத் திறந்ததும் இன்னொரு துண்டு மீன் கேட்டார். பிறகு இன்னொன்று. மஞ்சள் கயிறு கட்டிய பாட்டில் காலியானபோது, அதை இலைக்குப் பக்கத்தில் மரியாதையாக நிறுத்தினார். திறந்திருந்த அலமாரிக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே வெள்ளை பாட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

"மூத்தது கரையேறிடுச்சு," என்றார். "சின்னதுக்கு எப்ப பாக்கறது மச்சான்?"

பழனிவேல் முசே என்று ஆரம்பித்து, பாதியில் முழுங்கிக்கொண்டார்.

"ஆட்டுக்கறிதான் மச்சான் அதுக்கு மொற," என்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பினார்.