அக்கா தெரிகிற கிட்டார்

அக்கா கண்ணுக்குத் தெரியாமல் போனது மின்கட்டணம் ஏறிய அதே வாரம்தான். டாக்டர் ஊசி குத்தி எடுத்த இரத்தம் தெரிந்தது, கை தெரியவில்லை. உடம்பில் குறையொன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். தங்கை எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும்போது மட்டும் அக்கா முழுசாகத் தெரிவாள், அவள் பேச்சும் கேட்கும். வாசிப்பு நின்றால் ஆளும் இல்லை, குரலும் இல்லை. அதனால் அலுவலகம் விட்டு வந்ததும் தங்கை கிட்டாரும் கையுமாக உட்கார்வாள். அக்கா தலை வாரிக்கொண்டே பக்கத்து வீட்டு வம்பையெல்லாம் அலசுவாள். வருடங்கள் இப்படியே ஓடின. தங்கையைக் கட்டிக்கொள்ள நினைத்த ஒருவனும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டான்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகத் துண்டுகளை ஃப்ரெட் என்பார்கள். நிக்கல் ஃப்ரெட்டில் தந்தி அழுந்தி அழுந்திப் பள்ளம் விழும். ஐந்தாவது தேய்ந்தால் அக்காவின் இடது காது தெரியாது. ஏழாவது தேய்ந்தால் முகவாய். உடனே பட்டறையில் விடவேண்டும், புது ஃப்ரெட் போட்டுவர இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் தங்கை கடலோரத்தில் ஓர் அறை எடுத்துத் தூங்குவாள். அவளுக்கு இருந்த விடுமுறை அது ஒன்றுதான். அதற்காகவே தேவைக்கு மேல் விரலை அழுத்தி வாசிப்பதை அவள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

பிடுங்கிப் பிடுங்கிப் பதித்ததில் பழைய கழுத்து தளர்ந்து, இனி ஃப்ரெட் நிற்காது என்றாகிவிட்டது. புதுக் கிட்டாரே செய்துவிடலாம் என்றார் பட்டறைக்காரர். மரமும் நிறமும் பேசி முடித்தபின் கேட்டார்.

"ஃப்ரெட் நிக்கல்ல போடவா, ஸ்டீல்ல போடவா? ஸ்டீல்னா என் அரம்தான் தேயும், அது தேயாது. உங்க ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்."

தங்கைக்கு நிக்கல் என்று சொல்ல நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் அக்காவும் கூடவே வந்து நிற்கிறாளோ என்னவோ, யார் கண்டது? பட்டறைக்காரர் எதிரில் கையை நீட்டித் துழாவிப் பார்க்கவும் கூச்சம்.

"ஸ்டீலே போடுங்க" என்றாள். வீடு வரும்வரை அக்காவை மனசுக்குள் திட்டினாள். திட்டியதற்காகத் தன்னையும் திட்டிக்கொண்டாள்.

புதுக் கிட்டாரை மீட்டியதுமே அக்கா இமைமயிர் வரை பளிச்சென்று தெரிந்தாள். குனிந்து ஃப்ரெட்டைப் பார்த்தாள்.

"ஸ்டீலா சொன்னே?"

"நீதான் பக்கத்துலயே நின்னியே."

"நான் வரவே இல்லடி. நான் இருந்தா நீ நிக்கல்னு சொல்ல மாட்டேன்னுதான் வீட்டுலயே இருந்துட்டேன். நீ அழுத்தி அழுத்தி வாசிக்கறதை இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து பாத்தவ நான்தானே."

தங்கையின் விரல் நின்றது, அக்கா மறைந்தாள். எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியாமல் கிட்டாரின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். தலையில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. அவள் வாசிக்கவில்லை, கையும் நகரவில்லை.

அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் அந்த வீட்டில் வாசிப்பு கிடையாது. அந்த நாட்களில் மாடியில் ஒரு போர்வை தானாகவே உதறிக்கொள்ளும். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, "பெரியவ வேலையா இருக்கா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். தங்கை உள்ளே தூங்கிக்கொண்டிருப்பாள்.