பின்சீட்டில் பேசாமல்

இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொன்ன அன்றே அப்பா ஸ்கூட்டர் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். வாயை மட்டும் கொடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்துகொண்டு "பள்ளம்", "பிரேக்கப் பிடி", "ஹாரன் அடி" என்று வழி நெடுக ஒரே நச்சரிப்பு. பார்வை மங்கிய மனிதருக்கு மகள் செய்யும் தப்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. போன வாரம் அவள் பொறுமை இழந்தாள்.

"இனிமே ஒரு வார்த்தை பேசினீங்கன்னா நீங்க பஸ்ஸுல போங்கப்பா, நான் வண்டியில வரேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. தன் சொந்த வண்டியில் அவருக்கு மிச்சமிருந்தது பின்சீட் ஒன்றுதான். அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் இன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதிலிருந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாலத்தில் ஏறும்போது பின்சக்கரம் லேசாக அலைந்தது. பின்டயரில் காற்று இறங்கினால் ஓட்டுகிறவரின் கைக்கு முன்பே பின்னால் இருப்பவரின் இடுப்புக்குத் தெரிந்துவிடும். சொல்லிவிடலாமா? இது புத்திமதி இல்லையே, வெறும் தகவல்தானே? போன வாரமும் இப்படித்தான் நினைத்தார். அவளே கண்டுபிடித்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பெட்ரோல் பங்க் போனது. பள்ளிக்கூடம் போனது. சீட் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது.

மார்க்கெட் வளைவில் பின்பக்கம் வழுக்கியது. மகள் இரண்டு காலையும் ஊன்றி எப்படியோ வண்டியை நிறுத்தினாள். பின்னால் வந்த வேன் ஒன்று அலறிக்கொண்டு உரசுகிற மாதிரி கடந்து போனது.

இருவருமாக வண்டியைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் டியூபை உருவினார். அது கந்தலாக வந்தது.

"காத்தே இல்லாம ரொம்ப தூரம் ஓட்டியிருக்கீங்க. இனி ஒட்டு நிக்காது, வேற டியூப்தான். பின்னாடி உக்காந்தவருக்குமா தெரியல?"

மகள் திரும்பினாள். "தெரிஞ்சுதாப்பா?"

"பாலத்துலயே."

"விழுந்திருந்தா?"

அந்த வேன் அவர் நினைவுக்கு வந்தது. சீட்டைக் காப்பாற்றப் போய்ப் பெண்ணையே பறிகொடுக்க இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"பஸ்ஸுல போகச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேம்மா."

கடைக்காரர் புது டியூபைப் போட்டுக் காற்றடித்து முடிக்கும் வரை அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். பிறகு அவருடைய ஹெல்மெட்டை எடுத்து, அவளே மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துவிட்டாள்.

"ஏறுங்க. பேசிக்கிட்டே வாங்க."

வண்டி கிளம்பியது. இவ்வளவு நேரம் அடக்கியதில் எதை முதலில் சொல்வதென்றே அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச தூரத்தில் எதிரே பெரிதாக, கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"லாரி வருதும்மா."

"பாத்துட்டேன்ப்பா." அவள் வேகத்தைக் குறைத்தாள்.

அது பக்கத்தில் வந்தபோது முகத்தில் நிழல் விழுந்தது. தலைக்கு மேல் இலைகள் சலசலத்தன. லாரி இல்லை, மரம். அவளுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கும்.